மகளைக் கூட்டிவரப் போன வடக்குப் பாதை

எனது கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கிளிநொச்சியில் பலசரக்குக் கடையில் நின்றபோது எழுதிய சிட்டைகள்தான் என் எழுத்து எல்லாம். ஆகவே எழுத்துப் பிழைகளைப் பத்திரிகைக்காரத் தம்பி திருத்திப் போடவேண்டும். தப்பியவற்றை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச்சிலும் நான் பின்னுக்குத்தான். நாலு பேர் கூடுகிற இடத்தில் கதிரை அடுக்குகிற வேலையைத் தேடிப் போகிறவன். ஆனாலும் இந்தப் பயணத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை.

நாங்கள் ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் அடுக்குமாடியில் இருக்கிறோம். எனக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. மூத்த மகள் தர்சினி பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் முடித்ததும், கோடை விடுமுறைக்கு மரம் நடுகிற வேலை கிடைத்திருக்கிறது என்று வடக்கே பஸ் ஏறினாள். நகரசபைப் பூங்காவில் பூக்கன்று வைப்பதுபோல ஏதோ என்று நினைத்துத்தான் என் மனைவி சரசு வழியனுப்பினாள். வெட்டி வெறுமையாக்கிய காட்டில், மண்வெட்டியும் இடுப்புப் பையுமாக, நாள் முழுக்கக் கன்று நடுகிற வேலை அது என்பது எங்களுக்கு ஆனி மாதத்தில்தான் தெரிந்தது. பக்கத்தில் மல்வேர்னில் இருக்கும் ஒரு தெரிந்த அம்மா சொன்னார். அவருடைய மகனும் அதே முகாமுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டான்.

"உங்களுக்குத் தெரியுமோ தெரியாது அக்கா. அங்க ஆம்பிளையும் பொம்பிளையும் ஒரே காட்டுக்குள்ள கூடாரம் அடிச்சுக் கிடக்கினம். குளிக்கிறது குளத்தில. கரடி வாசல்ல வந்து நிக்குமாம். என்ர பெடியனே நிக்கேலாமல் ஓடி வந்திட்டான். உங்கட பெட்டை நிக்குது."

சரசு தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் குணமும் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். குணம் கதைப்பான். தேப்பன் எண்டு பக்கத்தில நிண்டாக் காணும்."

குணம் அவளுடைய தம்பி. அவனிடம் ஒரு ஜீப் இருந்தது. நாலு சில்லும் இழுக்கும் என்று சொல்லித்தான் வாங்கினான். அது ஓடிய தூரம் பெரும்பாலும் கோயிலுக்கும் கடைக்கும்தான். பனி கொட்டுகிற நாளில், கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தடியைப் பின்னுக்கு இழுத்து, "இப்ப நாலு சில்லும் வேலை செய்யுது, அத்தான்" என்பான். எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. தலையை ஆட்டுவேன்.

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். குணம் வாகனத்துக்குக் கர்ப்பூரம் காட்டி, சில்லுகளின் நடுவே இருக்கும் வட்டங்களுக்குப் புதுச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தான். பழைய சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தது. அதைக் கழுவ அவன் விடுவதில்லை. நாலு எலுமிச்சம்பழத்தை நசித்துக்கொண்டு ஜீப் புறப்பட்டது. சரசு கட்டித் தந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் என் மடியில் சூடாக இருந்தன. பின்னுக்கு மகளுக்கென்று வறுத்து அரைத்த தூள், பருத்தித்துறை வடை, ஒரு பொதி கருவாடு. கூட்டிவரப் போகிறவளுக்கு எதற்குக் கருவாடு என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

பட்டினம் முடிந்து வயல்கள் முடிந்ததும் பாறை தொடங்கியது. மலையை நடுவால் பிளந்து பாதை போட்டிருக்கிறார்கள். பாறைகளின் தலையில், போகிற வருகிறவர்கள் கல்லின்மேல் கல் வைத்து மனிதர் மாதிரிச் சின்னச் சின்ன உருவங்கள் செய்திருந்தார்கள். குணம் சடாரென்று பிரேக் பிடித்தான்.

"முறிகண்டிப் பிள்ளையாரடியில இறங்காமல் போன வாகனம் உருப்பட்டிருக்கோ? இஞ்ச இதுதான் பிள்ளையார்" என்று சொல்லி, கொண்டுவந்த தேங்காயை அந்தக் கல் மனிதருக்கு முன்னால் அடித்தான். ஒரு பெரிய லொறி மெதுவாகி நின்றது. சாரதி தலையை நீட்டி, "எல்லாம் சரிதானே? வாகனம் பழுதா?" என்று கேட்டார். "பழுதாகாமல் இருக்கத்தான்" என்று குணம் பதில் சொன்னான். சாரதி கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் சேர்த்துச் செய்தீர்களா?" என்றார். ஒரு தேங்காய்ச் சொட்டு அவருக்கும் போனது.

வன்னிக் காட்டில் ஒரு மரத்தைப் பார்த்தால் அடுத்தது வேறு மரமாக இருக்கும். பாலை, முதிரை, வீரை என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். இங்கே மணிக்கணக்காக ஒரே மரம். கறுப்பான ஊசியிலை மரம், ஒரு ஏரி, பிறகும் அதே மரம். பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் கல்லாவில் இருந்த பெண் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். "ரொறன்ரோ" என்றான் குணம். "அடப் பாவமே. அங்கே எப்படித்தான் இருக்கிறீர்களோ" என்றார் அந்தப் பெண். இலங்கையை நினைத்து எங்களுக்காக வருந்தியவர்களைக் கண்டிருக்கிறேன். ரொறன்ரோவை நினைத்து வருந்தியவர் அவர் ஒருவர்தான்.

அன்றிரவு வழியில் ஒரு விடுதியில் தங்கிவிட்டு மறுநாள் அதிகாலையே புறப்பட்டோம். மர ஆலை ஒன்றைச் சுற்றியிருந்த சின்னப் பட்டினத்தைத் தாண்டியதும் தார் முடிந்தது. அதற்குப் பிறகு மரம் ஏற்றுகிற லொறிகளுக்கென்று வெட்டிய கல் பாதை. ஒரு லொறி எதிரே வந்தால் புழுதியில் ஐந்து நிமிடம் உலகமே தெரியாது. குணம் கண்ணாடியை ஏற்றினால் வேர்த்தது. இறக்கினால் ஈயைவிடச் சின்னக் கறுப்பு இலையான்கள் உள்ளே வந்தன. நுளம்பு ஊசி போடும். இந்த இலையான் கடித்து இறைச்சியே எடுக்கும்.

மத்தியானத்துக்குப் பிறகு பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. பாதைக்குக் கீழே இருந்த குழாயை, ஆற்றில் அணை கட்டுகிற பீவர்கள் தடி வைத்து அடைத்துவிட்டன. சதுப்பு நிலத்துத் தண்ணீர் முழுவதும் பாதைக்கு மேலால் ஓடியது. வன்னியில் குளம் நிரம்பி வான் பாய்கிறபோது லொறிகள் கரையில் நின்று பார்க்கும். குணம் பார்க்கவில்லை. சின்னத் தடியை இழுத்தான்.

"போர் வீல் போட்டிட்டன். இறுக்கிப் பிடியுங்கோ, அத்தான்."

பாதித் தூரம் போனோம். பிறகு பின்சில்லுகள் இரண்டும் சேறு அள்ளி எறிந்தன. முன்சில்லுகள் அசையாமல் நின்றன. அவன் மிதிக்க மிதிக்க ஜீப் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது. தண்ணீர் கதவுக்குக் கீழால் வந்து என் சப்பாத்தை நனைத்தது.

"ஏன் முன்னுக்கு இழுக்குதில்லை?" என்று கேட்டேன்.

"இழுக்குது. உங்களுக்குத் தெரியேல்லை" என்றான்.

இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தோம். விடுதியில் வாங்கி எஞ்சியிருந்த பாணை, சரசு தந்த சம்பலோடு சாப்பிட்டோம். குணம் இலையானை அடித்து அடித்துத் தன் கன்னத்தையே சிவப்பாக்கினான்.

அப்போது எதிர்ப் பக்கத்தில் இருந்து ஒரு பெரிய ரக் வண்டி வந்தது. உடம்பெல்லாம் சேறு. தண்ணீரின் விளிம்பில் நின்றது. ஓட்டி இறங்கித் தண்ணீருக்குள் நடந்து வந்தார். தலையில் தொப்பி, முகத்துக்கு வலை, செம்மஞ்சள் மேலங்கி, முழங்கால் மட்டும் சேறு. ஒரு தடியால் ஆழம் பார்த்துக்கொண்டே வந்து என் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார். வலை மேலே போனது.

"அப்பா?"

கறுத்து, கழுத்தெல்லாம் இலையான் கடித்த தடிப்போடு, என் மகள் நின்றாள்.

"ஏன் வந்தனீங்கள்? அம்மாவுக்கு என்னவும்...?"

"அம்மா சுகம். நாங்கள் சும்மா" என்றேன். குணம் என்னை முழங்கையால் இடித்தான்.

அவள் ஜீப்பைச் சுற்றி நடந்தாள். "மாமா, ஹப் லொக் பண்ணினீங்களோ?"

"என்னத்தை?"

"முன்சில்லு நடுவில ஒரு டயல் இருக்கும். அதை இறங்கித் திருப்பினாத்தான் முன்சில்லு இழுக்கும். தடியை மட்டும் இழுத்தாக் காணாது." குனிந்து தண்ணீருக்கு மேலே தெரிந்த வட்டத்தைத் தடவினாள். நிமிர்ந்தாள். "மாமா, இதுக்கு ஏன் சந்தனம் பூசினனீங்கள்?"

"சில்லுக்குப் பொட்டு வைக்காமல் வேற எதுக்கு வைக்கிறது?"

"டயல் முழுக்க இறுகிப் போச்சு. எவ்வளவு காலமாப் பூசுறியள்?"

"வாங்கின நாள் தொடக்கம்" என்றான் குணம், அது ஒரு பெருமை மாதிரி. உடனே முகம் சுருங்கியது. இரண்டு பனிக்காலமும் நாலு சில்லில் ஓடுகிறதாக நினைத்து அவன் இரண்டு சில்லில் ஓடியிருக்கிறான்.

ரக்கில் இருந்து இரண்டு மூன்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். தர்சினி தன் மண்வெட்டி மூலையால் சந்தனத்தைச் சுரண்டினாள். ஒரு பெடியன் அதை முகர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்டான். வாகனத்துக்கு ஆசீர்வாதம் என்று சொன்னாள். "இலையானுக்கும் கேட்குமா?" என்றவன், சுரண்டிய சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் அப்பிக்கொண்டான். அவர்கள் சிரித்த சிரிப்பில் குணமும் சிரிக்க வேண்டி வந்தது.

குறட்டால் பிடித்துத் திருப்ப, வட்டம் 'டக்' என்று விழுந்தது. மற்றப் பக்கமும் அப்படியே. பிறகு அவள் சாரதிக் கதவைத் திறந்து, "மாமா, அங்கால இருங்கோ" என்றாள்.

"என்ர வாகனத்தை நான் ஒருத்தரிட்டையும் குடுக்கிறேல்லை. உன்ர மாமியிட்டைக்கூட."

"அப்ப நீங்களே எடுங்கோ. அடியில வலப்பக்கம் குழி. அதில விழுந்தா ரக்காலயும் இழுக்கேலாது."

குணம் தண்ணீரைப் பார்த்தான். பின்னிருக்கைக்குப் போனான்.

அவள் அவசரப்படவில்லை. தடியை இன்னும் ஒரு இடத்துக்குத் தள்ளி, காலை மெல்ல விட்டாள். எஞ்சின் முனகியது. முன்சில்லுகள் ஒரு முறை நழுவி, பிறகு பிடித்தன. "வா, வா, வா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஜீப் தண்ணீரை உழுதுகொண்டு மேலே ஏறியது. என் மகள் வாகனம் ஓட்டி அதில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. சப்பாத்துக்குள் தண்ணீர் இருந்ததை மறந்துபோனேன்.

முகாம் ஒரு பழைய கல்லுக்குழியில் இருந்தது. சுற்றிவரச் சின்னக் கூடாரங்கள்; நடுவில் சாப்பாட்டுக் கூடாரம். கரடி வருமென்பதால் சாப்பாட்டுச் சாமான் எதையும் வாகனத்தில் வைக்க விடமாட்டார்கள். சமையல்காரி கியூபெக்காரி. எங்கள் கருவாட்டுப் பொதியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இதற்குக் கரடி ரொறன்ரோவில் இருந்தே பின்னால் வந்திருக்குமே" என்றார். அன்று அவர் வைத்த பருப்பில் எங்கள் தூளைப் போடச் சொன்னேன், கையால் காட்டித்தான். எல்லோரும் இரண்டாம் தரம் வரிசையில் நின்றார்கள்.

சாப்பிட்டு முடிய, முகாம் பொறுப்பாளர் எங்களிடம் வந்தார். தாடி வைத்த இளைஞர். தர்சினியைக் காட்டிக் காட்டி நெடுநேரம் பேசினார். எனக்கு ஆங்கிலம் வேகமாக வந்தால் பிடிபடாது.

"என்னவாம்?" என்று குணத்தைக் கேட்டேன்.

"நல்லா ஓடுறாளாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சதுக்கு அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவர் போனதும் குணம் தொண்டையைச் செருமினான். "தர்சினி, உடுப்பை அடுக்கு. நாளைக்கு வெளிக்கிடுறம். அம்மா கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பாவும் அப்பிடித்தான் நினைக்கிறாரோ?"

"அப்பாவுக்கெண்டு வேற நினைப்பு இல்லை" என்றான் குணம்.

நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் சுட்டது.

"நாளைக்கு எங்களுக்கு லீவு" என்றாள் தர்சினி. "மத்தியானம் மட்டும் நில்லுங்கோ. ஒரு இடம் காட்டுறன். பிறகு நீங்கள் சொன்னபடி செய்யிறன்."

மறுநாள் குணத்தின் ஜீப்பிலேயே போனோம். சாவியை அவள் கேட்காமலே அவன் கொடுத்துவிட்டான். லொறிகள் கைவிட்ட பழைய பாதை அது. நடுவில் புல் முளைத்திருந்தது. இரண்டு பக்கக் கொப்புகளும் கதவில் கீறின. ஒவ்வொரு கீறலுக்கும் பின்னால் இருந்து "ஐயோ பெயின்ற்" என்று சத்தம் வந்தது. ஒரு சதுப்பில் மூஸ் மான் நின்றது. எருமையின் உடம்பு, ஒட்டகத்தின் மூஞ்சி, வாயில் தாமரைக் கொடிபோல ஏதோ தொங்கியது. எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் தலையைத் தண்ணீருக்குள் விட்டது.

பிறகு ஒரு ஆறு. அதற்கு மேல் மரக்குற்றிகளை அடுக்கிய பாலம். தர்சினி நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு குற்றியாகக் காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டு அக்கரை மட்டும் போய்த் திரும்பி வந்தாள்.

"இடப்பக்கக் குற்றி ரெண்டு உக்கிப்போச்சு. வலப்பக்கத்தால போகலாம். அப்பா, நீங்கள் அங்கால போய் நிண்டு கை காட்டுங்கோ. சில்லு விளிம்புக்கு வந்தாக் கையைத் தூக்குங்கோ. நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு வருவன்."

"குணம் காட்டட்டும்" என்றேன்.

"மாமா கத்துவார். நீங்கள் நில்லுங்கோ."

குணம் வாகனத்தில் இருக்க மறுத்து, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தில் நடந்து போனான். நான் அக்கரையில் நின்றேன். கீழே தண்ணீர் பாறையில் அடித்து வெள்ளையாக ஓடியது. ஜீப் பாலத்தில் ஏறியது. குற்றிகள் கரகரத்தன. வலச்சில்லு விளிம்புக்கு வந்தது. கையைத் தூக்கினேன். உடனே நின்றாள். இடப்பக்கம் காட்டினேன். ஒரு சாண் திருப்பினாள். வா என்றேன். வந்தாள். அவள் கண் என் கையைவிட்டு அகலவில்லை. ஜீப் கரை ஏறியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பாதை ஒரு பெரிய ஏரியில் முடிந்தது. அதற்கு அப்பால் பாதையும் இல்லை, வீடும் இல்லை. கரையோரம் இடுப்பளவு உயரத்தில் கன்றுகள் வரிசையாக நின்றன.

"இது முந்தி வந்த ஆக்கள் நட்டது, அப்பா."

"நீ நட்டது?"

"அது இன்னும் என்ர விரல் உயரம்தான்."

குணம் தண்ணீரில் முகம் கழுவப் போனான். நாங்கள் ஒரு பாறையில் இருந்தோம்.

"பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"முதல் கிழமை ஒவ்வொரு நாளும் அழுதனான். மல்வேர்ன் பெடியன் விட்டிட்டுப் போகேக்க நான்தான் அவனை ரவுணுக்குக் கொண்டுபோய் பஸ் ஏத்தினனான். எனக்கும் ஏறிப் போகலாம் போலதான் இருந்தது. பிறகு ரக்கை ஆர் திருப்பிக் கொண்டுபோறது எண்டு யோசிச்சன். அப்பிடியே திரும்பி வந்திட்டன்." ஒரு கல்லை எடுத்து ஏரிக்குள் எறிந்தாள். "இப்ப நானும் போனால், தமிழ்ப் பிள்ளையள் நிக்காயினம் எண்டுதான் இவங்கள் நினைப்பாங்கள். ஆனா நீங்கள் வா எண்டால் வாறன், அப்பா. உண்மையா."

வா என்றால் வந்திருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குணம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அப்ப வெளிக்கிடுவமோ? உடுப்பு அடுக்கிற வேலை வேற கிடக்கு."

"குணம், பிள்ளை வரேல்லை" என்றேன்.

"என்ன அத்தான்?"

"அவள் வரேல்லை. நில் எண்டு நான் சொல்லுறன்."

"அக்காவுக்கு ஆர் சொல்லுறது?"

"நான்."

தர்சினி என் தோளில் இருந்த இலையானை அடித்தாள், தேவைக்கு மேல் பலமாக.

பின்னேரம் தண்ணீர் கடக்கிற இடம் மட்டும் ரக்கில் முன்னால் வந்து, நாங்கள் அக்கரை ஏறியதைப் பார்த்துக் கை காட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். குணம் தார்ப் பாதை வந்ததும் தானாகச் சொன்னான்.

"அந்தத் தாடிக்காரன் வேறயும் சொன்னவன். இந்த முகாமில இந்தப் பாதையளுக்கு நம்பி ஆக்களை ஏத்தி அனுப்பக்கூடிய ஓட்டி இவள்தானாம். அடுத்த வருசம் ஒரு குழுவை இவளிட்டை விடப்போறானாம். இப்பிடி ஒரு பிள்ளையை வளத்ததுக்கு உங்களுக்குக் கை தரவேணும் எண்டும் சொன்னவன். நீங்கள் குனிஞ்சுகொண்டு நிண்டனீங்கள்."

"ஏன் அப்ப சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் அவளை அங்க விட்டிட்டு வந்திடுவியள் எண்டு நினைச்சன்" என்றான்.

மர ஆலைப் பட்டினத்தில் பெற்றோல் நிலையத்துத் தொலைபேசியில் சரசுவை அழைத்தேன்.

"பிள்ளை வரேல்லை" என்றேன்.

"ஏன்? குணம் கதைக்கேல்லையோ?"

"குணம் கதைச்சவன். பிறகு நானும் கதைச்சனான்."

"நீங்களோ? நீங்கள் என்ன கதைச்சனீங்கள்?"

"நில் எண்டு சொன்னனான்."

நான் தொலைபேசியை வைக்கவில்லை. பாலத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் குற்றிகளை மிதித்துப் பார்த்ததை, நான் கை காட்டியதை, அவள் வந்ததை. தொலைபேசியில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. இடையில் இரண்டு தரம் காசு போட்டேன்.

"சாப்பிடுறாளே?" என்று கடைசியில் கேட்டாள்.

"ரெண்டு தட்டு."

"மெலிஞ்சு போனாளோ?"

"கறுத்துப் போனாள். கையெல்லாம் பலமாக் கிடக்கு."

"ரக் ஓட்டுறதெண்டால் பெரிய ரக்கோ?"

"குணத்தின்ர ஜீப்பை அதுக்குப் பின்னால ஏத்தலாம்."

"ம்" என்றாள். பிறகு, "நிக்கட்டும். ஆனா லீவு நாளில போன் எடுக்கச் சொல்லியிருக்க வேணும். உதைச் சொன்னனீங்களோ?" என்றாள். சொல்லவில்லை என்றேன். "அதானே. கதைச்சாராம் கதை" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். கோபம்தான். ஆனாலும் நிக்கட்டும் என்றுவிட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று, தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், பக்கத்து இயந்திரத்தில் நிற்கிற போர்த்துக்கீசக்காரர் லீவு எப்படி என்று கேட்டார். வழக்கமாக நான் 'குட்' என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பேன். அன்று திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மகள், வடக்கு, பெரிய ரக், ஓட்டி என்று தொடங்கினேன். சொல் தெரியாத இடத்தில் உப்பும் மிளகும் வைத்த குப்பிகளால் பாலம் கட்டிக் காட்டினேன். இன்னும் இரண்டு பேர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. நான் அப்போதுதான் வலச்சில்லைப் பாலத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒருவரும் எழும்பவில்லை.

ஸ்காபரோ,
1997 சித்திரை, கடைசி ஞாயிறு.
தர்சினி தன் குழுவுக்குப் பொறுப்பாக வடக்கே பஸ் ஏறிய மறுநாள்.